மாற்றக் குறிப்பின் பூர்வோத்தரம்

அச்சேறிய நூலொன்றில் ஆசிரியர் செய்ய விரும்பும் திருத்தம் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்கும். கணினி நிரலோ, முற்றுப்பெற்றது என்று எவரும் துணிந்து சொல்ல இயலாத கிரந்தமாகையால், ஒரே நாளில் பல கைகள் பட்டுப் பல இடங்களில் மாறிக்கொண்டே இருக்கும். எந்த வரி போயிற்று, அதன் இடத்தில் எந்த வரி வந்தது என்பதை இயந்திரமே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். 1974ஆம் ஆண்டில் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்த ‘டிஃப்’ என்னும் சிறு கருவி அந்தக் காரியத்தை அன்று முதல் பிசகின்றிச் செய்துவருகிறது. ஆனால் அந்த வரி என்ன காரணத்தால் போயிற்று, அதை எடுத்தவர் எந்தப் பிழையைக் கருதி எடுத்தார், வேறு என்னென்ன உபாயங்களை யோசித்து வேண்டாமென்று விட்டார் என்னும் விவரங்களை, திருத்தியவரே தம் வார்த்தைகளால் எழுதிவைத்தாலன்றி, எந்தக் கருவியாலும் பின்னால் கண்டறிய முடியாது. இன்று நிரலர்கள் கமிட் செய்தி என்றும் சேஞ்ச்லாக் என்றும் சொல்லிவரும் குறிப்புகள் இந்தக் குறையை நிரப்பவே பிறந்தவை. அவற்றின் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூலங்களிலிருந்து அவை வந்திருப்பது புலனாகும்: ஒன்று காரியாலயப் பதிவேடு, மற்றொன்று கடிதம்.

பதிவேட்டின் கதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. 1972இல் மார்க் ராக்கைண்ட் என்பவர் அங்கே எஸ்.சி.சி.எஸ். என்னும் மூலநிரல் காப்பு முறையை, முதலில் ஐ.பி.எம். சிஸ்டம்/370 இயந்திரத்துக்காக ஸ்னோபால் மொழியில் இயற்றி, பிறகு யூனிக்ஸுக்காகச் சி மொழியில் திருப்பி எழுதினார். 1975இல் அதைப் பற்றிய அவருடைய ஆய்வுரையும் பிரசுரமாயிற்று. ஒரு கோப்பின் பழைய நிலைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் காத்து, வேண்டிய நிலையை வேண்டியபோது மீட்டுக் கொடுப்பதே அதன் பிரதான நோக்கம். எனினும் ஒவ்வொரு மாறுதலையும் ஏற்றுக்கொள்ளும்போது, செய்தவர் யார், செய்த காலம் எது என்பவற்றைத் தானே குறித்துக்கொண்டு, செய்த காரணத்தை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒழுங்கையும் ராக்கைண்ட் அதில் அமைத்தார். இன்ன கோரிக்கையின்படி இந்த மாறுதல் என்று ஓர் எண்ணையும் கேட்டு வாங்கும்படி அதைத் திருப்பிவைக்கலாம். ஒரு பெரிய ஸ்தாபனத்தில் சம்பளத்துக்கு எழுதும் பலருடைய வேலை மேலிடத்தின் பார்வையிலிருந்து தப்பலாகாது என்னும் எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது.

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸை வளர்த்தவர்களும் இதையே கையாண்டார்கள். அவர்களுள் ஒருவராகிய கிர்க் மக்கூசிக் பிற்காலத்தில் அவர்களுடைய களஞ்சியத்தை நான்கு குறுந்தகடுகளில் சேர்த்து வெளியிட்டமையால், 1980களில் அவர்கள் எழுதிய குறிப்புகளை இன்றும் நாம் புரட்டிப் பார்க்க முடிகிறது. பார்த்தால் சற்று ஏமாற்றமே மிஞ்சும். காரணம் எழுதாமல் உள்ளே வந்த கோப்புக்கு, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் இன்னாரால் உண்டாக்கப்பட்டது என்று கருவியே ஒரு வாசகத்தைப் போட்டுவிடும். எத்தனையோ கோப்புகளின் முதற்குறிப்பு அவ்வளவுதான். பதிவேட்டுக்கு அது போதும். நாற்பது வருஷம் கழித்துப் படிப்பவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி இயற்றிய ஆர்.சி.எஸ்., குறிப்பைக் கோப்பின் உள்ளேயே குடியேற்றும் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. நிரலின் தலைப்பில் ஒரு விசேஷச் சொல்லை எழுதிவைத்தால் போதும். ஒவ்வொரு முறை கோப்பைச் சேமிக்கும்போதும் அன்றைய குறிப்பு அந்த இடத்தில் தானாகவே வந்து சேர்ந்துவிடும். கேட்கும்போது அழகான யோசனையாகத் தோன்றும் இது, அநுபவத்தில் பெரும் உபத்திரவமாக முடிந்தது. வருஷங்கள் ஏற ஏறத் தலைப்புக் குறிப்பு நீண்டுகொண்டே போய், வாசகன் பக்கம் பக்கமாகத் தள்ளிய பிறகுதான் நிரலின் முதல் வரியைக் காண முடிந்தது. ஒரே கோப்பின் இரண்டு கிளைகளை ஒன்றாகச் சேர்க்கும்போது நிரல் இணங்கினாலும் குறிப்புகள் இணங்காமல் சச்சரவு செய்தன. ஆம்ஸ்டர்டாமில் விரைய் பல்கலைக்கழகத்து டிக் குரூன், தம் மாணாக்கர் இருவரோடு ஒரு சி கம்பைலரை எழுதியபோது, ஒருவர் ஒழுங்காகப் பகலில் வேலை செய்பவராகவும், மற்றவர் நேரங்காலம் பாராதவராகவும், தமக்கோ மாலைவேளை மட்டுமே ஓய்வாகவும் இருந்தமையால், ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் வேலை செய்யும் பொருட்டு ஆர்.சி.எஸ்.ஸின் மேல் சில கட்டளைத் தொகுப்புகளை எழுதி, 1986 ஜூனில் உலகுக்கு வழங்கினார். அதுவே சி.வி.எஸ். 1989இல் பிரையன் பெர்லினர் சி மொழியில் அதைப் புதுக்கியபின், சுமார் பதினைந்து வருஷம் கட்டற்ற மென்பொருள் உலகம் அதன் நிழலில்தான் வாழ்ந்தது. ஆனாலும் ஒரு காரியத்துக்காக இருபது கோப்புகளைத் திருத்தினால் இருபது கோப்புகளிலும் ஒரே வாசகம் தனித்தனியாகப் பதியுமேயன்றி, இவை இருபதும் சேர்ந்தே ஒரு காரியம் என்பதைச் சொல்ல அதற்குத் தெரியாது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். லாரி வால் 1985இல் ‘பேட்ச்’ என்னும் கருவியை எழுதி வெளியிட்டார். எங்கோ ஓர் ஊரில் இருப்பவர் தம் பிரதியில் செய்த திருத்தத்தை டிஃப்பின் உருவத்தில் அஞ்சலில் அனுப்ப, மற்றோர் ஊரில் இருப்பவர் அதைத் தம் பிரதியில் அப்படியே ஏற்றிக்கொள்ள அது வழிசெய்தது. அனுப்புகிறவர் வெறும் திருத்தத்தை மட்டும் அனுப்புவதில்லை. ஐயா, உங்கள் நிரலில் இன்ன பிழை கண்டேன், இன்னவாறு திருத்தியிருக்கிறேன், இதனால் இன்ன நன்மை என்று மேலே நாலு வரி எழுதுவது மனித சுபாவம். முகமறியாத ஒருவரைத் தம் பக்கம் இணக்கவேண்டியவருக்குப் பதிவேட்டு நடை உதவாது, நியாயம் சொல்லவேண்டும். பேட்ச் கருவியோ, அந்த நாலு வரியைக் கண்டுகொள்வதே இல்லை. அதன் கையேடு அம்முன்னுரையைத் தயக்கமின்றிக் குப்பை என்றே குறிப்பிட்டு, குப்பையைத் தாண்டித் திருத்தம் தொடங்கும் இடத்துக்குத் தானே சென்றுவிடும் என்று பெருமையோடு கூறுகிறது. இருபது வருஷம் கழித்து அந்தக் குப்பைதான் சரித்திரமாகப் போகிறது என்பது அன்று யாருக்கும் தோன்றியிராது.

இவ்விரண்டு வழிகளுக்கும் நடுவே, ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ இயக்கம் தனக்கென்று ஒரு சம்பிரதாயத்தை வகுத்துக்கொண்டது. 1983 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அவ்வியக்கத்தின் முதற்பெரும் படைப்பாகிய ஈமாக்ஸ் தொகுப்பியில், 1985 முதலாகவே சேஞ்ச்லாக் என்ற பெயருடைய கோப்புகள் காணப்படுகின்றன. தேதி, திருத்தியவர் பெயர், அவருடைய அஞ்சல் முகவரி ஆகியவை முதல் வரியில். அதன் கீழே உள்ளடங்கி ஒரு நட்சத்திரக் குறி, கோப்பின் பெயர், பிறைக்கோட்டுக்குள் மாறிய செயற்கூற்றின் பெயர், பிறகு மாறுதல். கன்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பின் 4, ஏ என்று தட்டினால், எழுதிக்கொண்டிருக்கும் செயற்கூற்றின் பெயரை ஈமாக்ஸே கண்டுபிடித்து அந்தச் சட்டகத்தைப் போட்டுக்கொடுக்கும். எதிர்காலத்தில் ஒரு பிழையின் மூலத்தைத் தேடுகிறவர்கள், எந்த மாறுதலால் அது நுழைந்திருக்கலாம் என்று அறிவதற்காகவே இந்த ஏற்பாடு என்று க்னூவின் நிரல்விதிகள் பிரயோஜனத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. உபயோகிப்பவர் அறியவேண்டிய செய்திகள் ‘நியூஸ்’ என்னும் வேறு கோப்புக்கு உரியவை. நிரலைத் தொடுகிறவருக்கு ஒன்று, நிரலைப் பயன்படுத்துகிறவருக்கு ஒன்று என்ற இந்தப் பாகுபாடு, என் அபிப்பிராயத்தில், க்னூ நமக்குக் கொடுத்த மிகச் சிறந்த கொடை.

ஆனால் அதே விதிகள், மாறுதலின் முழு நோக்கத்தையும் சேஞ்ச்லாக்கில் விவரிக்க அவசியமில்லை, விளக்கம் வேண்டுமானால் அது நிரலின் உள்ளே உரையாக இருக்கட்டும் என்றும் கூறின. நிரலுக்குள் எழுதிய உரை இன்றைய நிலைக்கு விளக்கமாகுமேயொழிய, நீக்கப்பட்ட வரி ஏன் நீங்கிற்று என்பதற்கு உரை எழுத அங்கே இடமேது? ஸ்டால்மன் நிரல் வித்தையில் எத்துணைப் பெரியவராயினும், இந்த ஒரு விஷயத்தில் அவருடைய விதி குறையுடையது என்றே சொல்லவேண்டும். அதன் பலனாகவே, பழைய சேஞ்ச்லாக்குகள் எந்தச் செயற்கூறு எந்த நாளில் தொடப்பட்டது என்பதை அதிசயிக்கத்தக்க நுட்பத்தோடு சொல்லிவிட்டு, காரணம் வரும் இடத்தில் மௌனம் சாதிக்கின்றன. க்னூவின் பொது உரிமம் 1989இலிருந்தே, திருத்திய கோப்பில் திருத்தம் செய்ததையும் அதன் தேதியையும் எடுப்பாகத் தெரிவிக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்ததும் கவனிக்கத்தக்கது. மூல ஆசிரியர் செய்யாத பிழைக்கு அவர் பெயர் கெடாதிருக்க அது ஒரு காவல்.

இந்த இடத்தில் டொனால்ட் க்னூத்தை நினையாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை 1978இல் ஓட்டிப் பார்க்கத் தொடங்கியதுமுதல், தாம் கண்ட பிழைகளையும் செய்த மாறுதல்களையும் ஒன்றுவிடாமல் எண்ணிட்டு எழுதிவந்த அவர், 1989இல் அந்தப் பட்டியலை ஓர் ஆய்வுரையோடு பிரசுரித்தார். வெறும் எழுத்துப்பிழையா, வழிமுறையே தவறா, மறந்துபோன அம்சமா, எவரும் எதிர்பாராத சூழ்நிலையா என்று பதினைந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்தை அடையாளமாக வைத்திருக்கிறார். தம் குற்றங்களை இத்தனை சிரத்தையோடு வகைபிரித்துப் பொதுமக்கள் முன்னிலையில் வைத்த ஆசிரியர் எந்தத் துறையிலும் அபூர்வம். அந்த முறையைப் பின்பற்றியவர் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

லினக்ஸின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 1991 முதல் பத்து வருஷத்துக்கும் மேலாக, லினஸ் டோர்வால்ட்ஸ் சி.வி.எஸ்.ஸை வெறுத்து ஒதுக்கி, அஞ்சலில் வரும் பேட்ச்களைத் தம் பிரதியில் தாமே ஏற்றி, அவ்வப்போது முழு மூட்டையாக வெளியிட்டுவந்தார். மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையில் எந்தத் திருத்தம் யாரால் எதற்காக வந்தது என்பது பொதுவில் எங்கும் பதியவில்லை. 2002இல் அவர் பிட்கீப்பர் என்னும் வியாபார மென்பொருளை ஏற்றபிறகே ஒவ்வொரு மாறுதலுக்கும் தனிக்குறிப்பு உண்டாயிற்று. அடுத்த வருஷமே அதன் அருமை பிரத்தியட்சமாக விளங்கியது. பிட்கீப்பரை விரும்பாதவர்களுக்காக ஒரு சி.வி.எஸ். பிரதியும் வைக்கப்பட்டிருந்தது, 2003 நவம்பரில் யாரோ அதற்குள் புகுந்து, சாதாரணப் பிழைச் சோதனைபோல் தோன்றும் இரண்டு வரிகளைச் சேர்த்தார்கள். சமமா என்று ஒப்பிடும் இரட்டைக் குறிக்குப் பதில் ஒற்றைக் குறி இருந்தமையால், குறித்த விதத்தில் அழைக்கும் எவருக்கும் இயந்திரத்தின் சர்வாதிகாரமும் கிட்டிவிடும்படி அந்த வரிகள் அமைந்திருந்தன. அது பிடிபட்டது நிரலை வாசித்ததால் அல்ல; ஒவ்வொரு மாறுதலுக்கும் பிட்கீப்பரில் மூலப்பதிவு இருக்கவேண்டியிருக்க, இந்த ஒன்றுக்கு மட்டும் அது இல்லாததை, பிட்கீப்பரை இயற்றிய லாரி மக்வாய் கண்டார்.

அதே 2003ஆம் வருஷம் மார்ச்சில், எஸ்.சி.ஓ. என்னும் கம்பெனி, தனக்குச் சொந்தமான யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் புகுத்தப்பட்டதாக ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்திருந்தது. இன்ன வரி இன்னாரிடமிருந்து வந்தது என்று காட்டவேண்டிய நிர்ப்பந்தம் வந்தபோது, பதிவில்லாத பத்து வருஷங்களின் குறை வெளிப்பட்டது. 2004 மே மாதத்தில் டோர்வால்ட்ஸ் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: திருத்தத்தை எழுதியவரும், அதைக் கைமாற்றி அனுப்பும் ஒவ்வொருவரும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறிக் குறிப்பின் அடியில் தம் பெயரையும் முகவரியையும் எழுதவேண்டும். நிலப்பத்திரத்தின் அடியில் சாட்சிகள் வரிசையாகக் கையொப்பம் இடுவதைப் போன்றது இது. கடைசிக் கையெழுத்திலிருந்து மேல்நோக்கிப் படித்தால் சொத்து கைமாறிவந்த வழி முழுவதும் தெரியும். பின்னர் பரிசீலித்தவர், சோதித்தவர், பிழையை முதலில் தெரிவித்தவர் ஆகியோருக்கும் தனித்தனி வரிகள் ஏற்பட்டன. எந்தப் பழைய மாறுதலின் பிழையை இது திருத்துகிறதோ, அதன் அடையாள எண்ணின் முதற் பன்னிரண்டு எழுத்துகளையேனும் குறிப்பிடும் வரியும் வந்தது. எந்தத் திருத்தத்தைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுசெல்லவேண்டும் என்று தீர்மானிக்க இன்று அந்த வரியே பெருந்துணை.

2005 ஏப்ரலில் பிட்கீப்பரின் இலவச உரிமம் நின்றுபோகவே, டோர்வால்ட்ஸ் கிட் என்னும் காப்பு முறையைத் தாமே எழுதத் தொடங்கினார். சில நாட்களுக்குள் கிட் தன்னுடைய நிரலையே தனக்குள் காக்கும் நிலையை அடைந்துவிட்டது. நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளன் என்ற பொருள்பட அதன் முதற்குறிப்பை அவர் எழுதியிருப்பது அவருடைய சுபாவத்துக்கு ஏற்றது. அதே மாதம் 16ஆம் தேதி லினக்ஸ் அதற்குள் வந்தபோது, பழைய வரலாறு கையில் இருந்தும் அதைச் சேர்க்காமல் விடுவதாகவும், சேர்த்தால் 3.2 ஜிகாபைட் ஆகிவிடும் என்பதாகவும் குறிப்பெழுதினார். ஆகையால் இன்று லினக்ஸின் பிரதான களஞ்சியத்தில் ஒரு வரியின் பூர்வத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்கிறவர்கள், பல சந்தர்ப்பங்களில் அந்தத் தேதியில் வந்து சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்.

கிட்டில் குறிப்பின் அந்தஸ்தே மாறியது. 2004இல் முதற்பதிப்பு வெளிவந்த சப்வெர்ஷன் என்னும் மற்றொரு காப்பு முறை, பல கோப்புகளின் மாறுதலை ஒரே காரியமாகக் கொள்ளும் குணத்தைப் பெற்றிருந்தும், குறிப்பை மாறுதலோடு ஒட்டிய ஒரு சீட்டாகவே கருதி, நிர்வாகி அநுமதித்தால் பிற்பாடு திருத்தவும் இடம்கொடுத்தது. கிட்டிலோ, கோப்புகளின் நிலை, முந்திய கமிட், எழுதியவர், நேரம், குறிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே நாற்பது எழுத்து அடையாளம் கணிக்கப்படுகிறது. குறிப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்தக் கமிட்டின் அடையாளமும், அதற்குப் பின்வந்த எல்லாவற்றின் அடையாளங்களும் மாறிப்போகும். அஞ்சலில் வந்த பேட்ச்சை உள்ளே ஏற்றும்போது கடிதத்தின் பொருள்வரி குறிப்பின் தலைப்பாகவும், கடிதத்தின் உடல் குறிப்பின் உடலாகவும் ஆகிவிடுகின்றன. லாரி வாலின் கருவி குப்பையென்று தாண்டிச் சென்றது, இங்கே திருத்தத்தோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துவிட்டது. தலைப்பு ஒரு வரி, பின் ஒரு வெற்று வரி, பின் விளக்கம், அடியில் கையொப்பம் என்று உலகெங்கும் கமிட் செய்தி இன்றும் கடிதத்தின் உருவத்தில் இருப்பதன் ரகசியம் இதுவே.

தலைப்பு ஐம்பது எழுத்துக்குள், உடலின் வரி எழுபத்திரண்டு எழுத்துக்குள் என்று 2008இல் டிம் போப் எழுதிய ஆலோசனை வேதவாக்காகிவிட்டது. பழைய முனையங்களின் எண்பது எழுத்து அகலத்தில், கிட் இடப்புறம் விடும் நான்கும், அதற்கு ஈடாக வலப்புறம் நான்கும் போக மீதியே அந்த எழுபத்திரண்டு. அந்த எண்பதோ 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளையட்டையின் அகலம். தலைப்பை ஏவல்வினையில், நிரலுக்குக் கட்டளையிடுவதுபோல் எழுதவேண்டும் என்பதும் கிட் குழுவின் விதி. இவற்றைப் பற்றி நிகழும் வாதங்கள் பொருளை விட்டு உறையைப் பற்றியவை என்பதால், அவற்றில் நான் காலத்தைச் செலவிட விரும்பவில்லை.

உபயோகிப்பவருக்கான பட்டியல் வேறு பாதையில் வளர்ந்தது. 1993இல் தோன்றிய டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு, சேஞ்ச்லாக்கை இயந்திரமும் வாசிக்கும் பத்திரமாக்கியது: பொதியின் பதிப்பெண்ணே அதன் முதற்பதிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, இன்ன எண்ணுள்ள பிழை தீர்ந்தது என்று அதில் எழுதினால், பொதி ஏறியவுடன் அந்தப் புகார் தானே முடித்துவைக்கப்படுகிறது. கிட் பரவியபின் பலர், கமிட் குறிப்புகளை அப்படியே கொட்டி அதையே மாற்றப்பட்டியல் என்று வெளியிடும் சோம்பலுக்கு ஆளானார்கள். 2014இல் ஒலிவியே லக்கான் அதைக் கண்டித்து, சேர்த்தவை, மாற்றியவை, கைவிடப்போகிறவை, நீக்கியவை, திருத்தியவை, பாதுகாப்பு என்ற ஆறு தலைப்புகளில் மனிதருக்காக மனிதரே எழுதவேண்டும் என்று வகுத்தார். கூகிளின் ஆங்குலர் குழுவினர் வழக்கத்திலிருந்து பிறந்த மற்றொரு முறையோ, குறிப்பின் தொடக்கத்திலேயே புது அம்சம், பிழைத்திருத்தம் என்று வகைச்சொல் இட்டு, அதைக்கொண்டு பட்டியலையும் பதிப்பெண்ணையும் இயந்திரமே இயற்றிக்கொள்ளச் செய்கிறது. வசதியானதுதான், ஆயினும் பெல் ஆய்வுக்கூடத்துப் பதிவேடு வேறு வேஷத்தில் திரும்பி வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஈமாக்ஸ் 2015இலும், ஜி.சி.சி. கம்பைலர் 2020இலும் சேஞ்ச்லாக்கைக் கையால் எழுதும் வழக்கத்தை விட்டு, கமிட் குறிப்பிலிருந்தே அதைத் தயாரித்துக்கொள்ளத் தொடங்கின.

அடையாள எண் குறிப்பை மாற்றவொட்டாமல் காக்கும். அது மெய்யா பொய்யா என்று அதற்குத் தெரியாது. எக்ஸ்.இஸட். என்னும் சுருக்கக் கருவியின் பராமரிப்பில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் நல்ல திருத்தங்களை அனுப்பி, மெல்ல மெல்ல நம்பிக்கையைச் சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளராகவே உயர்ந்தார். 2024 பிப்ரவரியில் சோதனைக்கோப்புகள் என்ற பெயரில் அவர் சேர்த்தவற்றுள் ஒரு பின்கதவின் பாகங்கள் ஒளிந்திருந்தன. மார்ச்சில் அக்கோப்புகளை மாற்றியபோது, முன்பு தம் இயந்திரத்தில் ஏதோவொரு தற்செயல் எண்ணைக்கொண்டு உண்டாக்கியதாகவும், எதிர்காலத்தில் மீண்டும் உண்டாக்க வசதியாக இப்போது நிலையான எண்ணை உபயோகித்திருப்பதாகவும் குறிப்பெழுதினார். தலைப்பு உண்டு, விளக்கம் உண்டு, காரணமும் உண்டு. விதிப்படி அமைந்த, மரியாதையான, முழுப்பொய். குறிப்பு இல்லாமையால் 2003இல் அகப்பட்ட தந்திரம், குறிப்பு நன்றாக இருந்தமையால் 2024இல் தப்பித்துச் சென்றது. அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் நிரலர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை வினாடி அதிகமாவதேன் என்று துருவியதில், மார்ச் 29ஆம் தேதி அது உலகுக்கு அம்பலமாயிற்று. நன்றாக எழுதிய குறிப்பு நல்ல நிரலுக்கு அத்தாட்சி என்று எண்ணிவந்த நம் பழக்கத்தை இனி விட்டாகவேண்டும். குறிப்பு என்ன சொல்கிறதோ அதைத் திருத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால்தான் அது சாட்சியம்.

பின்கதவு நுழைந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகள் திரும்பப்பெறப்பட்டு, மூல ஆசிரியர் லாசே காலின் 2024 மே 29ஆம் தேதி 5.6.2ஐ வெளியிட்டார். அதன் மாற்றப்பட்டியலில், பின்கதவு நீக்கப்பட்டது என்று, அதற்குரிய பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணோடு, ஒரு வரி இருக்கிறது.